நார்த் ஷோர் மலைத்தடங்களில் மழைக்காலச் சவாரி: ஃப்ரோமில் தொடங்குவதா, சீமோரில் தொடங்குவதா?

புதுச்சக்கரம் (பர்னபி)

அனைவருக்கும் வணக்கம். வான்கூவர் வட்டாரத்துக்குக் குடிவந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை ஸ்டான்லி பூங்காவைச் சுற்றிவரும் கடலோரப் பாதையிலும் பர்னபி மலையின் எளிய காட்டுத்தடங்களிலும் மட்டுமே சைக்கிள் ஓட்டியிருக்கிறேன். சென்ற மாதம், ஒருவர் பயன்படுத்திய மலைச் சைக்கிள் ஒன்றை வாங்கினேன். முன்னும் பின்னும் சஸ்பென்ஷன் உள்ளது, ஓட்டும்போதே இருக்கையைத் தாழ்த்தும் டிராப்பர் கம்பமும் வேலை செய்கிறது. இனி வான்கூவருக்கு வடக்கே, கடலுக்கு அக்கரையிலுள்ள நார்த் ஷோர் மலைகளில் ஓட்ட வேண்டும் என்பது ஆசை.

நவம்பர் பிறந்துவிட்டதால் அலுவலகத்தில் பாதிப்பேர் ஏப்ரல் வரை பொறுத்திரு என்கிறார்கள். மறுபாதி, இங்கே மழைக்குப் பயந்தால் சைக்கிளையே விற்றுவிடலாம் என்கிறார்கள். என்னிடம் கார் கிடையாது. அங்குள்ள ஃப்ரோம், சீமோர் ஆகிய இரண்டு மலைகளில் எதில் தொடங்குவது நல்லது, ஈரத்தில் ஓட்டுவது தடத்துக்குக் கேடா, கார் இல்லாமல் போய்வர முடியுமா என்பதைப் பழகியவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

---

லின்வேலிவாசி

கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். வாட்டர்ஃபிரண்ட் நிலையத்தில் சீபஸ் படகில் சைக்கிளோடு ஏறினால் 12 நிமிடத்தில் லான்ஸ்டேல் கரையில் இறங்கிவிடலாம். அங்கிருந்து ஃப்ரோம் மலையடியிலுள்ள லின் வேலி வரை மிதிக்க மனமிருந்தால் மிதிக்கலாம்; இல்லையென்றால் பேருந்தின் முன்பக்கத் தாங்கியில் இரண்டு சைக்கிள்களுக்கு இடமுண்டு. மிதித்தே வந்தால், காட்டுக்குள் நுழைவதற்கு முன்பே ஏறக்குறைய 300 மீட்டர் உயரம் ஏறியிருப்பீர்கள் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளில் பேருந்தே போதும்.

ஃப்ரோமில் தொடங்குங்கள் என்பேன். அங்கே ஏறுவதற்குப் பெரும்பாலும் ஒரே வழிதான், குழப்பமில்லை. ‘மவுண்டன் ஹைவே’ என்று பெயர் பெரிதாக இருந்தாலும், ஊர் முடியும் இடத்திலுள்ள இரும்புக் கதவுக்கு அப்பால் அது வெறும் சரளைச் சாலைதான். பொதுமக்களின் மோட்டார் வண்டிகள் அதற்குமேல் போக முடியாது. கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டே ஏறுவோம். எந்தத் தடம் எங்கே பிரிகிறது என்று ஒருவரை ஒருவர் கேட்கும்போதுகூட வளைவின் எண்ணைச் சொல்லித்தான் பேசிக்கொள்வோம். மேலே போகப்போகத் தடங்கள் கடினமாகும் என்பதால், திராணி எங்கே தீர்கிறதோ அங்கேயே திரும்பிவிடும் வசதியும் உண்டு. முதலில் ‘பாப்ஸ்லெட்’ என்ற தடத்தை இரண்டு முறை ஓட்டுங்கள். சாய்வான மண்சுவர் வளைவுகளால் ஆன அந்தத் தடத்தில் பிரேக்கைத் தொடாமல் வளைவுக்குள் நுழையப் பழகிவிட்டால் மற்றவை பின்னால் வரும்.

சீமோர் பரப்பில் பெரியது. ‘ஓல்ட் பக்’ தடம் வழியாக ஏறி ‘பிரைடில் பாத்’ தடம் வழியாக இறங்கினால் அரைநாள் போய்விடும், கிளைவழிகளும் அதிகம். அதை இரண்டாவது மாதத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதான சைப்ரஸ் மலையைப் பற்றி இப்போது நினைக்கவே வேண்டாம். அங்கே செங்குத்து அதிகம்.

டிசம்பரில் நாலேகாலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடும், மரங்களுக்கு அடியில் அதற்கும் முன்பே இருட்டிவிடும். பகல் ஒரு மணிக்கு மேல் ஏறத் தொடங்குவதாக இருந்தால் விளக்கு இல்லாமல் போகாதீர்கள்.

---

வேகத்தடை

மேலே உள்ள அறிவுரை நல்லதுதான். ஆனால் மிகவும் பத்தியச் சாப்பாடாக இருக்கிறது. நார்த் ஷோருக்கு வந்து பாப்ஸ்லெட்டில் மட்டும் ஓட்டிவிட்டுப் போவது, மதுரைக்குப் போய் பேருந்து நிலையத்தைப் பார்த்துவிட்டுத் திரும்புவதைப் போன்றது. ‘செவன்த் சீக்ரெட்’, ‘லெப்பர்ட்’, ‘கிரிங்கம் கிராங்கம்’ என்ற தடங்களில் வரிசையாக இறங்கினால்தான் இந்த மலையின் சுபாவம் தெரியும். முடியாத இடத்தில் இறங்கி நடந்தால் ஒருவரும் சிரிக்கப்போவதில்லை.

---

லின்வேலிவாசி

நடப்பதில் வெட்கம் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த இடத்தில் இறங்கி நடக்க வேண்டும் என்று முன்கூட்டியே கண்டுகொள்வதற்கே ஓராண்டுப் பழக்கம் வேண்டும். பெரும்பாலும் அது விழுந்த பிறகுதான் தெரிகிறது.

ஈர வேரைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இங்கே முதல் ஆண்டில் விழுபவர்களில் பெரும்பாலோர் அதில்தான் விழுகிறார்கள். செடார், ஹெம்லாக் மரங்களின் வேர்கள் இந்த மண்ணில் ஆழமாக இறங்குவதில்லை. ஒரு சாண் மண்ணுக்கு அடியிலேயே பக்கவாட்டில் பரவுகின்றன. மேல்மண் தேய்ந்ததும் அவை வெளியே வந்து, நூற்றுக்கணக்கான டயர்கள் உரசி, மேல்தோல் போய், சோப்புப் போட்டுக் கழுவிய வழுவழுப்போடு கிடக்கின்றன. வேர் உங்கள் பாதைக்குக் குறுக்கே கிடந்தால் பயமில்லை. சாய்கோணத்தில் கிடக்கும் வேர்தான் முன்சக்கரத்தைப் பக்கவாட்டில் தள்ளிவிடும். அத்தகைய வேருக்கு முன்பாகவே வேகத்தைக் குறைத்துவிட்டு, வேரின்மேல் போகும்போது இரண்டு பிரேக்குகளையும் விட்டுவிடுங்கள், கைப்பிடியைத் திருப்பாதீர்கள், முடிந்தால் முன்சக்கரத்தை லேசாகத் தூக்கிக் குறுக்காகக் கடத்துங்கள். பார்வை வேரில் இருக்கக் கூடாது. வேருக்கு அப்பால் சக்கரம் இறங்கப்போகும் இடத்தில் இருக்க வேண்டும்.

டயரில் காற்றைக் குறையுங்கள். சாலைப் பழக்கத்தில் முன்டயரில் 35 பிஎஸ்ஐ காற்றழுத்தம் வைத்துக்கொண்டு வந்து, டயர் சரியில்லை என்று புலம்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். டியூப்லெஸ் டயராக இருந்தால், உடல் எடையைப் பொறுத்து 20 முதல் 25 வரை போதும்.

---

நடைப்பிரியை (வட வான்கூவர்)

நான் சைக்கிள் ஓட்டுபவள் அல்ல. பதினொரு ஆண்டுகளாக இந்த மலைகளில் நடப்பவள். ஹார்ஸ்ஷூ பேயிலிருந்து டீப் கோவ் வரை செல்லும் பேடன்-பவல் நடைபாதை 1971-இல் சாரணர்களும் சாரணியர்களும் சேர்ந்து அமைத்தது. அது சைக்கிள் தடங்களை வெட்டிக்கொண்டு போகும் ஒவ்வொரு சந்திப்பிலும் நான் நின்று, காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கடக்கிறேன். மழைக்காலத்தில் ஓடைச் சத்தத்தில் சைக்கிள் வருவது கேட்பதே இல்லை. சென்ற குளிர்காலத்தில் ஒருவர் என் தோளுக்கு ஒரு கை தூரத்தில் பறந்து போனார், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அதைவிட எனக்கு வருத்தம் தருவது தடம் அகலமாகிக்கொண்டே போவதுதான். சேற்றுக்குழியைச் சுற்றிக்கொண்டு ஒருவர் ஓரமாகப் போகிறார். அடுத்த வாரம் அந்த ஓரமும் சேறாகிறது. அதற்கடுத்தவர் இன்னும் ஓரமாகப் போகிறார். முன்பு இரண்டடி அகலம் இருந்த இடங்கள் இன்று மாட்டுவண்டிப் பாதை போல் விரிந்து, இருபுறப் பெரணிச்செடிகளும் மிதிபட்டுக் கிடக்கின்றன. ஈரத்தில் ஓட்டுவது கேடா என்று தொடக்கத்தில் கேட்கப்பட்ட கேள்விக்கு இன்னும் ஒருவரும் விடை சொல்லவில்லை.

---

மண்வாளி

அம்மா சொன்னது நியாயம். அந்தக் கேள்விக்கு விடை சொல்லவே வந்தேன், நீண்டுவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளாகத் தடம் பராமரிக்கும் தன்னார்வலர்களோடு மாதம் ஒரு சனிக்கிழமை மண் சுமக்கிறேன். 1997-இல் தொடங்கப்பட்ட நார்த் ஷோர் மலைச் சைக்கிள் சங்கம்தான் நில நிர்வாகிகளிடம் அனுமதி பெற்று இந்த வேலைகளை ஒருங்கிணைக்கிறது.

வேறு பல ஊர்களில் மழை பெய்தால் இரண்டு நாள் ஓட்டாதீர்கள் என்று விதி வைத்திருக்கிறார்கள். களிமண் பூமியில் அது சரி; ஈரக் களிமண்ணில் பதியும் டயர்ச்சுவடு காய்ந்து கல்லாகிவிடும். இங்கே அந்த விதியை வைத்தால் அக்டோபர் முதல் ஏப்ரல் வரை மலையைப் பூட்டிவிட வேண்டியதுதான். சென்னையில் ஆண்டு முழுவதும் பெய்வது சுமார் 1,400 மில்லிமீட்டர். இந்த மலைச்சரிவுகளில் 2,000-க்கும் மேல் பெய்கிறது, அதுவும் பெரும்பகுதி குளிர்காலத்தில், நாள்கணக்கில் நிற்காமல். ஆகவே இங்கே தடம் அமைப்பதென்றால், முக்கால்வாசி வேலை தண்ணீரை வெளியேற்றுவதுதான். தண்ணீர் தேங்காத தடத்தில் கொட்டும் மழையிலும் ஓட்டலாம். தண்ணீர் தேங்கும் தடத்தில் வெயில் அடிக்கும்போது ஓட்டினாலும் கேடுதான்.

இந்தக் காட்டின் மேல்மண் வெறும் இலைமக்கு. கையில் எடுத்துப் பிழிந்தால் பஞ்சுபோலத் தண்ணீர் சொட்டும். நடக்க மெத்தென்று இருக்கும். முதல் ஐம்பது சைக்கிள்களுக்குச் சொர்க்கமாகவும் இருக்கும். அதற்குப்பின் சேறுதான். எனவே தடம் போகும் வழியில் அந்தக் கறுப்பு மண்ணை வெட்டி அகற்றி, அடியில் இருக்கும் பொன்னிறக் கனிம மண் தெரியும்வரை இறங்க வேண்டும். சரளையும் மணலும் கலந்த அந்த மண்ணுக்கு இங்கே தடம் வெட்டுபவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘தங்கம்’. தங்கம் எல்லா இடத்திலும் கிடைக்காது. தடத்திலிருந்து இருபது முப்பது மீட்டர் தள்ளி, வேர்கள் குறைந்த ஓர் இடத்தில் கடப்பாரையால் குத்திப் பார்ப்போம்; ‘கரகர’வென்று சத்தம் வந்தால் குழி தோண்டலாம், சத்தமே இல்லாமல் உள்ளே போனால் வேறு இடம் பார்க்க வேண்டியதுதான். தோண்டியதை 20 லிட்டர் வாளிகளில் நிரப்பி, கைக்கு ஒன்றாகச் சுமந்துவந்து கொட்டி, கால்களால் மிதித்து, மண்வெட்டியின் முதுகால் தட்டி இறுக்குவோம். வேலை முடிந்ததும் குழியைக் கறுப்பு மண்ணாலும் விழுந்த கிளைகளாலும் மூடி, அகற்றிவைத்த பெரணிகளை அதன்மேல் நட்டுவிடுவோம். இரண்டாண்டு கழித்துப் பார்த்தால் எங்கே தோண்டினோம் என்று எங்களுக்கே தெரியாது.

மண்ணே நிற்காத செங்குத்தான இடங்களில் கல் பதிக்க வேண்டும். கல்லைப் படுக்கவைத்தால் ஒரு பருவத்தில் பெயர்ந்துவிடும் என்பதால், முக்கால் பாகம் மண்ணுக்குள் போகும்படி நட்டுவைக்கிறோம். கீழிருந்து மேலாகத்தான் அடுக்க வேண்டும். அடிக்கல் அசைந்தால் மேலே உள்ள அத்தனையும் வீண். ஒவ்வொரு கல்லையும் வைத்ததும் அதன் விளிம்பில் ஏறி நின்று ஆட்டிப் பார்ப்போம். இம்மியளவு ஆடினாலும் பிடுங்கி மறுபடி நடுவோம். நான்கு பேர் ஒரு நாள் முழுதும் உழைத்தால் மூன்று மீட்டர் நீளம் முடியும். நீங்கள் அதைக் கடக்க அரை விநாடி ஆகும்.

புதுச்சக்கரம் ஈரத்தில் தாராளமாக ஓட்டலாம், மூன்று செய்கைகளை மட்டும் தவிர்க்க வேண்டும். சேற்றைச் சுற்றிக்கொண்டு போகக் கூடாது. நடுவிலேயே ஓட்ட வேண்டும், அல்லது இறங்கி நடுவிலேயே நடக்க வேண்டும். பின்சக்கரத்தைப் பூட்டி இழுக்கக் கூடாது. அந்தக் கீறல்தான் அடுத்த மழையில் வாய்க்காலாகிறது. வடிகால் வாயில் கால் வைத்து அடைத்துவிடக் கூடாது. இலை அடைத்திருந்தால் ஷூ நுனியால் தள்ளிவிட்டுப் போனாலே பெரிய உதவி.

---

வேகத்தடை

மண்வாளி அவர்களின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் ஒரு மனக்குறையைச் சொல்லியே ஆக வேண்டும். இந்த மலைகளை உலகம் அறிந்தது பொன்னிற மண்ணாலும் வழவழப்பான வளைவாலும் அல்ல. ஆளுயரத்துக்கு மேலே, உள்ளங்கை அகலப் பலகைகளில் சைக்கிள் ஓட்டிக் காட்டிய ஒரு தலைமுறையால்தான் ‘நார்த் ஷோர்’ என்பது ஓர் ஓட்டுமுறைக்கே பெயரானது. 2001-இல் யூட்டா பாலைவனத்தில் நடந்த முதல் ரெட் புல் ரேம்பேஜ் மலைச் சைக்கிள் போட்டியை வென்ற வேட் சிம்மன்ஸ் இந்த மலைகளில் ஓட்டியவர்தான். அந்த மரப்பாலங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு, இன்று எல்லாவற்றையும் குழந்தைகள் ஓட்டும் தடமாக மாற்றிவருகிறார்கள் என்பது என் போன்றோரின் ஆதங்கம்.

---

மண்வாளி

ஆதங்கம் புரிகிறது, பலகைப் பாலங்களில் விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டவன்தான் நானும். ஆனால் அந்தப் பாலங்கள் ஏன் வந்தன என்பதை மறந்துவிடுகிறோம். சாகசத்துக்கு முன்பாகச் சேறுதான் காரணம். சதுப்பான இடத்தையும் விழுந்து கிடக்கும் ராட்சத மரத்தையும் தாண்ட வேண்டியிருந்தது. கையெட்டும் தூரத்தில் செடார் கட்டைகள் கிடந்தன, அதை நாரோட்டத்தில் பிளந்தால் அழகான பலகை வரும். தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தொடங்கியது, ஆசை வளர வளர உயர்ந்தும் குறுகியும் போனது.

செடார் எளிதில் உளுத்துப்போகாது என்றாலும், இந்த ஈரத்தில் ஆணி அடித்த இடம் முதலில் இற்றுவிடுகிறது. மேலே இருந்து பார்த்தால் பலகை நன்றாக இருக்கும், அடிக்கட்டை பஞ்சாகியிருக்கும். அதைக் கட்டியவர்கள் பலர் ஊரைவிட்டுப் போய்விட்டார்கள், நிலம் வைத்திருக்கும் நிர்வாகங்களுக்கு வழக்குப் பயம், அதனால் உயரமானவை இறக்கப்பட்டன. கல்லும் மண்ணும் அப்படி இற்றுப்போவதில்லை என்பதால்தான் கட்டுபவர்களே மெல்ல அந்தப் பக்கம் திரும்பினோம். எல்லாம் குழந்தைத்தடம் ஆகிவிட்டது என்பதை மட்டும் ஏற்க மாட்டேன். சீமோரின் ‘நெட்ஸ் அட்டாமிக் டஸ்ட்பின்’ தடத்தில் ஒரு ஜனவரி மழையில் இறங்கிவிட்டு வந்து மறுபடி எழுதுங்கள்.

---

லின்வேலிவாசி

நடைப்பிரியை அவர்கள் எழுதியதற்கு ஒரு வார்த்தை. நடப்பவர்களுக்கு வழிவிட வேண்டியது நம் கடமை. சந்திப்புக்கு முன் வேகத்தைக் குறைத்து, குரல் கொடுத்து, எத்தனை பேர் பின்னால் வருகிறார்கள் என்றும் சொல்லிவிட்டுப் போக வேண்டும். இந்த மலையில் அந்தப் பகை முற்றிப் போன கதை ஒன்றும் உண்டு. ஃப்ரோமின் தடங்களில் கட்டைகளும் கற்களும் தொடர்ந்து குறுக்கே கிடக்கவே, சைக்கிள்காரர்கள் மரத்தில் கேமராவை மறைத்துவைத்துப் பிடித்தார்கள். 2015-இல் கைதானவர் அறுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி. இருட்டில் இறங்குபவரின் கழுத்தை முறிக்கக்கூடிய செயல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அன்று எங்கள் கூட்டத்தில் எழுந்த கோபத்தில், அந்த அளவுக்கு ஒருவர் ஏன் வெறுத்துப்போனார் என்று கேட்டவர்கள் மிகக் குறைவு.

---

நடைப்பிரியை

அதை எழுதியதற்கு நன்றி. அந்தப் பெண்மணி செய்ததை நான் ஒருநாளும் நியாயப்படுத்த மாட்டேன். மண்வாளி எழுதியதைப் படித்த பிறகு, இந்த வாரம் பேடன்-பவல் பாதையில் இலை அடைத்துக் கிடந்த இரண்டு வடிகால்களை ஊன்றுகோலால் திறந்துவிட்டேன். அதில் ஒன்று என் கண்முன்னே ‘களக்’கென்று ஓடத் தொடங்கியபோது சிறுபிள்ளைபோலச் சந்தோஷமாக இருந்தது. நடப்பவர்களும் சேற்றைச் சுற்றித்தான் போகிறோம் என்பதையும் இப்போதுதான் கவனித்தேன்.

---

புதுச்சக்கரம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை போய்வந்தேன், நடந்ததை எழுதிவிடுகிறேன்.

விடிகாலைச் சீபஸில் என்னைப் போலவே சேற்றுச் சைக்கிளோடு மூன்று பேர் இருந்தார்கள். கதவுக்கு மேலே சரளைச் சாலையில் ஏற எனக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நாயோடு ஓடிய ஒரு பெரியவர் என்னை முந்திச் சென்றார். மூச்சு வாங்க நின்ற ஒவ்வோர் இடத்திலும் கண்ணில் பட்டவை அடிமரங்கள். நான்கு பேர் கைகோத்தாலும் கட்டிப்பிடிக்க முடியாத செடார் அடிக்கட்டைகள், தலைக்கு மேல் உயரத்தில் வெட்டப்பட்டு, பக்கவாட்டில் கண்களைப் போல இரண்டு பள்ளங்களோடு நிற்கின்றன. அந்தப் பள்ளத்தில் பலகையைச் செருகி அதன்மேல் நின்று மரம் அறுப்பார்களாம் என்று உடன் ஏறியவர் சொன்னார். வெட்டி நூறு ஆண்டுகள் ஆகியும் அந்தக் கோடரி விளிம்பு கூர் மழுங்காமல் இருக்கிறது. உள்ளே விரலை வைத்துப் பார்த்தேன். கட்டையின் உச்சியில் ஒரு ஹெம்லாக் முளைத்து, வேர்களைக் கால்களைப் போல இருபுறமும் தொங்கவிட்டு மரமாகவே வளர்ந்திருந்தது. மலைக்குப் பெயர் தந்த ஜூலியஸ் ஃப்ரோம் மரத்தொழில் நடத்தியவர் என்று வீட்டுக்கு வந்து படித்தபோது, இந்தச் சரிவுக்கு அந்தப் பெயர் வைத்ததில் ஒரு குரூரமான பொருத்தம் இருப்பதாகத் தோன்றியது.

பாப்ஸ்லெட்டை மூன்று முறை ஓட்டினேன். முதல் முறை எல்லா வளைவிலும் பிரேக்கைப் பிடித்தேன். மூன்றாவது முறை இரண்டு வளைவுகளில் விரலை எடுத்துவிட்டேன். சக்கரம் சுவரில் ஏறி, வயிறு கீழே போய், வளைவு தானாகவே என்னை வெளியே அனுப்பியது. அந்தத் துணிச்சலில் இன்னொரு தடத்துக்குள் நுழைந்ததுதான் தவறு. சாய்வாகக் கிடந்த ஒரு வேரின்மேல், லின்வேலிவாசி எதைச் செய்யாதே என்று எழுதினாரோ அதையே செய்தேன். முன்சக்கரம் இடப்பக்கம் போனது, நான் வலப்பக்கம் போனேன். முழங்கைக் கவசம் காப்பாற்றியது. பிரேக் நெம்புகோல் மட்டும் வளைந்துவிட்டது. சைக்கிளை விற்றவர் புது டயர் என்று சொன்னதை நம்பியிருந்தேன்; வீட்டில் கழுவிப் பார்த்தபோதுதான் டயரின் ஓரத்திலுள்ள பிடிமானப் பொத்தான்கள் பாதி தேய்ந்திருப்பது தெரிந்தது.

நடந்து இறங்கும்போது ஓரிடத்தில் ஆறேழு வாளிகள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அருகே புதிதாகப் பதித்த கல்வரிசை. ஆளில்லை என்பதால் ஒரு கல்லின் விளிம்பில் ஏறி நின்று ஆட்டிப் பார்த்தேன். ஆடவில்லை.

அடுத்த சனிக்கிழமை வேலைக்கு வரலாமா? முன்அனுபவம் ஏதும் இல்லை.

---

மண்வாளி

தாராளமாக வாருங்கள், தம்பி. சங்கத்தின் இணையப் பக்கத்தில் பதிவு செய்துவிடுங்கள்; காலை ஒன்பது மணிக்கு இரும்புக் கதவருகே கூடுவோம். கருவிகளும் வாளிகளும் அங்கே தருவார்கள். கையுறை இரண்டு ஜோடி எடுத்துவாருங்கள், ஏனென்றால் முதல் ஜோடி பத்து மணிக்குள் நனைந்துவிடும். டயரை மாற்றாமல் மட்டும் அன்று மாலை ஓட்டலாம் என்று சைக்கிளைக் கொண்டுவந்துவிடாதீர்கள்.

---

வேகத்தடை

நானும் பெயர் கொடுத்திருக்கிறேன். கல் பதிக்கும் குழுவில் போடுங்கள். வாளி தூக்க என் முதுகு ஒத்துவராது.

---

மண்வாளி

கல் வாளியைவிடக் கனம்.